ஒரு பல் தள்ளி

செகாம்புட் டாலாம். தகரக் கூரையில்
நாலரை மணி மழை.
கதவோரம் தொண்ணூறாம் ஆண்டு போர்ஷே,
இரண்டு விளக்குகளும் இமை மூடி.
கூடவே டாக்டர் அருளாந்து, பல் டாக்டர்,
ஜாலான் ஈப்போவில் கிளினிக்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோம்பாக் வரைக்கும்,
அவ்வளவுதான் தம்பி. ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல.
பெல்ட்டு புதுசாத்தான் இருக்கும்.”

ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது டாக்டர்,
நாள்காட்டிதான் தெரியும்.
நின்றுகொண்டே கிழடாகும்.
ஒரு நாள் அறுந்தால்
கீழிருந்து ஏறும் பிஸ்டனும்
மேலிருந்து இறங்கும் வால்வும்
ஒரே இடத்துக்கு ஒரே நொடியில் வந்து சேரும்.
அவன் எழுந்த பின்தான் இவன் உட்கார வேண்டும் என்று
முப்பது வருசமாய் இரண்டு பேரையும்
சந்திக்கவிடாமல் வைத்திருப்பது
இரண்டு விரல் அகல வார்.

விசிறியைக் கழற்றி, உறையைக் கழற்றினேன்.
உட்புறம் வெள்ளை மையில் ஒரு தேதி,
பதினோரு வருடப் பழசு,
பக்கத்தில் இரண்டு சீன எழுத்து.
மாற்றியவன் பெயராக்கும் என்று நினைத்தேன்.
பெயிண்ட் கடை ஆ ஹோங் எட்டிப் பார்த்துச் சிரித்தான்:
“பேர் இல்ல பாஸ். மாத்தியாச்சுன்னு எழுதியிருக்கு.”

மாற்றியவன் கை நல்ல கை.
போல்ட் ஒவ்வொன்றும் ஒரே இறுக்கம்.
பேலன்ஸ் ஷாஃப்ட் ஒன்றில் மட்டும்
பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது.
எஞ்சினைக் கொல்லாத பிழை.
நடுங்க மட்டும் வைக்கும்.

மேல்மூடிக்கு அடியில், யாரும் நினைத்தே பார்க்காத இடத்தில்,
இரண்டு கேம்களையும் கட்டிய சின்னச் செயின்.
அதை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை
வெற்றிலைக் கறை ஏறினாற்போல் பழுத்துப் பிளந்திருந்தது.
டாக்டர் தன் டார்ச்சை எடுத்தார்.
“பிடுங்கணுமோ?”
பிடுங்கணும்.
“மரத்துப்போக ஊசி உண்டா?”
பில்லைப் பாருங்கள், தானாக மரத்துவிடும்.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
ஜெர்மனிச் சாமான் வந்து சேர ஒன்பது நாள்.

பத்தாம் நாள் எல்லாம் பூட்டி,
குறிக்குக் குறி நேராய் நிற்க,
சாவியைத் தொடாமல்
கிராங்க்கை ஸ்பேனரால் திருப்பினேன், முழுசாய் இரண்டு சுற்று.
எங்கேயாவது இரும்பு இரும்பைத் தொட்டால்
அது மணிக்கட்டுக்குத்தான் முதலில் தெரியும்.
அப்போது மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவேன்.
தொடவில்லை.

டூக் நெடுஞ்சாலை வரை ஓட்டிப் போனவர்
கால் மணியில் திரும்பினார்.
இறங்கவில்லை.
“என்னமோ கொறையுது தம்பி.”

பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சின் தலையில்
இருபது காசை விளிம்பில் நிறுத்தினேன்.
மூவாயிரம் சுற்றிலும் நின்றது.
பார்த்தார். “நல்லாத்தான் நிக்குது.
ஆனா ஸ்டியரிங்ல எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு இருக்குமே,
கிளினிக்ல நாள் முழுக்க
கையில பிடிக்கிற மெஷின் மாதிரியே.
அதான் போர்ஷேன்னு நெனச்சிருந்தேன்.”
கொஞ்ச நேரம் கழித்து,
“அந்த ஒரு பல்லை மறுபடி தள்ளி வைக்க முடியுமா?”

முடியும். நூற்றைம்பது வெள்ளி, ஒன்றரை மணி நேரம்.
வாய் வரை வந்தது. வேறு கேட்டேன்:
புதுசாய்ப் பல் கட்டிவிட்ட ஆளுக்கு
நீங்கள் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

“ஒரு மாசத்துக்கு நாக்கு பழைய ஓட்டையத் தேடும்னு.”
சொன்ன பிறகுதான் சிரித்தார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது.
சாலைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
வண்டி செந்தூல் பக்கம் திரும்பிய பிறகு ஞாபகம் வந்தது,
இருபது காசு எஞ்சின் மேலேயே.
நின்றதோ, விழுந்ததோ.
கேட்க இன்னும் ஒரு மாசம் இருக்கிறது.