தீர்மானம் ஏழு

சங்கத்து மினிட் புத்தகத்தில்
அன்று நான் எழுதியது இவ்வளவுதான்:
"தெங்கம்புதூர் கடைவரம்பு ஏலாவுக்கு
மாநகராட்சி சுத்திகரித்த நீரைப் பெறுவது பற்றி
விவாதிக்கப்பட்டது."

விவாதிக்கப்பட்டது.
அந்தச் சொல்லுக்குள் எத்தனை நாற்காலி விழுந்தது என்று
தணிக்கைக்கு வருகிறவருக்குத் தெரியாது.

கன்னிப்பூ கருகி மூன்றாவது வருஷம்.
பேச்சிப்பாறை திறந்தாலும்
மேல்மடைகளில் தங்கித் தங்கி
எங்கள் மடைக்கு வரும்போது
அதற்கு ஈரம் என்று பேர்.

திருவிதாங்கோட்டிலிருந்து வந்த இன்ஜினியர் ஷமீமா
மேசைமேல் ஒரு பாட்டில் வைத்தாள்.
தெளிவாக இருந்தது.
அந்தத் தெளிவுதான் எங்களுக்குப் பயம்.

"நாகர்கோயில்காரன் குண்டி கழுவின தண்ணி"
என்றார் மாசிலாமணி.
"பழையாத்துல இப்ப வாறது பின்ன என்னவாம்?
இதுக்கு மூத்த அண்ணன். குளிக்காத அண்ணன்"
என்றது பின்பெஞ்சு.
சிரித்தோம்.
சிரித்தவர்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

குடித்துக் காட்டுவாள் என்று காத்திருந்தோம்.
"குடிக்கதுக்கு உள்ள தண்ணி இல்ல இது.
கீரைக்கு விடாதீங்க. வெள்ளரிக்கும் வேண்டாம்"
என்று மூடியைத் திருகினாள்.
அதற்குப் பிறகுதான்
அவள் சொன்ன மற்றதெல்லாம் காதில் விழுந்தது.

அணஞ்சபெருமாளுக்கு நாற்றம் ஒரு பிரச்சினையே இல்லை.
"இதை வாங்கினா நாளைக்கு
ஒங்களுக்குத்தான் அந்தத் தண்ணி இருக்கேன்னு
சானல் பங்கை வெட்டிருவானுவ.
வெட்டமாட்டோம்னு எழுதித் தாங்க."
ஷமீமா வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.
பேனா அவளிடம் இருந்தது.
அதிகாரம் வேறெங்கோ இருந்தது.

நடவுக் கூலி பேச வந்து
வாசலோரம் நின்றிருந்தாள் யேசுவடியாள்.
"தண்ணி வேணுமா வேண்டாமான்னு பேசுதிய.
அதுல நிக்கப்போறது யாருக்க காலு?"

இருபது பெண்கள், நாற்பது கால்.
உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதில் ஒரு கால்கூட இல்லை.

இனி எழுதியது:
ஒரு போகம், மூன்று ஏக்கர் மட்டும்,
செயலாளர் லில்லிபாயின் பதினெட்டு சென்ட் உட்பட.
மாதம் ஒரு பரிசோதனை, முடிவு பலகையில்.
நடவாள்களுக்கு முட்டளவு பூட்ஸ்.
சானல் பங்கு பற்றிய கடிதம் வரும்வரை
மற்ற வயல்களின் குழாய் பூட்டியே இருக்கும்.
சாவி அணஞ்சபெருமாளிடம்.

பூட்ஸ் வந்தது.
எல்லாம் பத்தாம் நம்பர், ஆம்பிளைக் கால்.
லூர்தம்மாளின் பூட்ஸ் சேற்றில் நின்றுகொள்ள
கால் மட்டும் வரப்பேறியது.
திருப்பி அனுப்பினோம்.
ஆறாம் நம்பர் வருவதற்குள்
நாற்று ஒன்பது நாள் முற்றிவிட்டது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி.
குழாய் முதலில் இருமியது.
காற்று, காற்று, பிறகு தண்ணீர்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வடசேரியில் மதினி வீட்டு அடுக்களையில்
அரிசி களைந்த நீரும் இதில் எங்கோ இருக்கும்.
அரிசி, போன கும்பப்பூவில்
நான் கொடுத்துவிட்டதாகவும் இருக்கலாம்.

நாறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
அன்று எனக்கு ஜலதோஷம்.

கடிதம் இன்னும் வரவில்லை.
சாவி அணஞ்சபெருமாளின் அரைஞாணில் கிடக்கிறது.
குழாய் கேட்டு மனு கொடுத்தவர்கள் பதினொரு பேர்,
மாசிலாமணியையும் சேர்த்து.

மினிட் புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு: நீர் ஆதாரம்.
அச்சிலேயே 'பேச்சிப்பாறை' என்று இருக்கும்.
அதை அடிக்காமல்
பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்திருக்கிறேன்.
அதற்கப்புறம் என்ன எழுதுவதென்று முடிவாகவில்லை.
மறுபயன்பாட்டு நீர் என்கிறாள் ஷமீமா.
பைப்பு வெள்ளம் என்கிறாள் யேசுவடியாள்.
மாசிலாமணி சொல்கிற பேரை
தணிக்கைக்குப் போகிற புத்தகத்தில் எழுத முடியாது.