தலைகீழாகச் சொல்லவும்

அமைதியான அறை வேண்டும் என்கிறது கையேடு.
ஆரப்பாளையத்தில் கிடைத்தது
நேரக் காப்பாளர் அறையில் பாதி.
மீதிப் பாதியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்,
முகத்தின் மேல் நேற்றைய பேப்பர்.

நாற்பத்தேழாவது ஆள் வந்து உட்கார்ந்தார்.
பெயரை நான் எழுதக் கூடாது.
அழகர்கோயில் பக்கத்து ஆள் என்று
பெயரே சொல்லிவிடும், அவ்வளவுதான்.
தேனி வண்டி. ராத்திரி டூட்டி முடித்து
இப்போதுதான் இறங்கியவர்.
பையைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.
"கலெக்‌ஷன் இருக்கு பாப்பா."

எண்கள் சொல்வேன், நொடிக்கு ஒன்று.
கடைசி எண்ணில் மட்டும் குரல் லேசாகத் தாழலாம்.
அந்தத் தாழ்தலை நாகமலை அடிவாரத்தில்
விடுதிக் கண்ணாடி முன் நின்று
இரண்டு மாதம் பழகினேன்.

ஏழு, இரண்டு, ஒன்பது.
"ஒம்பது, ரெண்டு, ஏழு."
நான்கு, ஒன்று, எட்டு, மூன்று.
"மூணு... எட்டு..."
வெளியே ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுத்தது.
வரலாம் வரலாம் என்று எவனோ தகரத்தைத் தட்டினான்.
"நாலு?"
அடுத்த வாய்ப்பும் அப்படியே போயிற்று.
இரண்டு முறை தவறினால் நிறுத்திவிட வேண்டும்.
மூன்று என்று எழுதினேன்.

"ஃபெயிலா?"
இதில் பாஸ், ஃபெயில் கிடையாது.
அச்சில் இருக்கும் வாக்கியம்; அப்படியே சொன்னேன்.
டிக்கெட் எடுத்துட்டேன் என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவனைப் பார்த்துச்
சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

பிறகு, நான் கேட்கவே இல்லை,
ராத்திரி வந்த வழியைத் திருப்பி ஓட்டினார்.
காளவாசல், நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி,
கருமாத்தூர், உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி.
எந்த ஊரில் எத்தனை பேர்,
கோழிக்கும் டிக்கெட்டா என்று சண்டை போட்ட அம்மா,
செக்கானூரணியைத் தூக்கத்தில் விட்ட பையன்.
இறங்கியவர்கள் ஏற, ஏறியவர்கள் இறங்க,
தேனி ஸ்டாண்டில் போய்
வண்டி காலியாக நின்றது.

படிவத்தில் குறிப்புகள் என்று
இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது.
"சத்தம்" என்று எழுதினேன்.

அடுத்தது மனநிலை வினாக்கள்.
கடந்த இரண்டு வாரத்தில் சோர்வாக உணர்ந்தீர்களா?
இல்லவே இல்லை பூஜ்யம், தினமும் என்றால் மூன்று.
அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம்,
ஞானசௌந்தரி மேடமும் நாங்கள் ஐந்து பேரும்.
"சோர்வுன்னா காலா, மனசா?"
இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.
"காலுன்னா மூணு போடுங்க.
மனசுன்னா..."

மௌனத்தை நான் நிரப்பக் கூடாது.
முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.
எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கையேட்டில் இல்லை.
தூங்குபவரின் மூச்சில்
பேப்பர் எழுந்து எழுந்து படிந்தது.
"நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்றார்.

பதினைந்து நாள் கழித்து மறு சோதனை.
அதே நாற்காலி, அதே பை.
நான்கு எண் சொன்னார். ஐந்து சொன்னார்.
ஆறாவதையும் பிசகாமல் திருப்பித் தந்தார்.
"முன்னாடி போற வண்டி நம்பரையெல்லாம்
திருப்பித் திருப்பிப் படிச்சேன், போக வர."

மனநிலைப் பக்கத்தைப் புரட்டினேன்.
பூஜ்யம். பூஜ்யம்.
கேள்வி முடியும் முன்பே பூஜ்யம்.
அதையும் எங்கேயோ பழகியிருந்தார்.

பயிற்சியின் விளைவு, நீக்கிவிடு என்றார் மேடம்.
உதவி மைய எண் எழுதிய சீட்டை
எல்லோருக்கும் தருவதுபோல்
அவருக்கும் தந்திருந்தேன்.
அதை டிக்கெட் மாதிரி இரண்டாக மடித்து
கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டார்.

தாளில் இப்போது நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு.

மாலை வண்டியில் திரும்புகிறேன்.
காளவாசல் சிக்னலில் முன்னால் ஒரு லாரி.
அதன் எண்ணைப் பின்னாலிருந்து படிக்கிறேன்.
இரண்டு, ஆறு, ஆறு...
பச்சை விழுந்து லாரி போய்விடுகிறது.
"எங்கம்மா?" என்கிறார் கண்டக்டர்.
யூனிவர்சிட்டி என்கிறேன்.
முகத்தைப் பார்க்கிறேன்.
இவர் வேறு ஆள்.