கலரில் இருந்த யு

செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு
லண்டனிலிருந்து ஒரு வரி வந்தது:
இனிமேல் யு வேண்டாம்.

கலரில், ஹானரில், நெய்பரில்
சத்தம் போடாமல் குந்தியிருந்த யு.
ஒன்பது வருஷமாய் அதைக் காபந்து பண்ணத்தான்
எனக்குச் சம்பளம்.
பாஸ்டன்காரர் விட்டுவிட்டு எழுதுவார்,
நான் வியாசர்பாடியில் உட்கார்ந்து சேர்த்துவைப்பேன்,
அறுந்த பொத்தானைத் திரும்பத் தைக்கிற மாதிரி.

இப்போது அவர்களே பிரித்துப் போடச் சொல்கிறார்கள்.
அங்கே பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் எழுதுகிறார்களாம்.
இரண்டு கரைக்கும் ஒரே அச்சு,
செலவு மிச்சமாம்.

ஜீவா ஸ்டேஷனைத் தாண்டித் திருவள்ளூர் வண்டி போனது.
மேசை நடுங்கியது. சுவரில் ஏசு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தார்.
அவசரத்தில், மொத்தமாய் மாற்று என்று தட்டிவிட்டேன்.
'உன்னுடைய' என்பதற்கான சொல்லில் யு போனது.
'மணிநேரம்' என்பதிலும் போனது.
நான்கு என்பது நான்காக இல்லை.
எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாய்ப் பிடுங்க உட்கார்ந்தேன்.
க்ளாமரில் மட்டும் தொடவில்லை;
அமெரிக்காவே அதை அப்படியே வைத்திருக்கிறது.

ஓரத்தில் ஹேசல் ப்ரிச்சர்டின் குறிப்புகள்.
லீட்ஸில் இருக்கிறாள், மூன்று மாதத்தில் ஓய்வு.
நாற்பத்தோராம் பக்கத்தில், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்:
"கிருபாவதி, என் பேரன் மிட்டாயைக் கேண்டி என்கிறான்,
குப்பையை ட்ராஷ் என்கிறான்.
போன வாரம் விளையாட்டாய்ப் போலீசைக் கூப்பிட
ஒன்பது ஒன்று ஒன்று அழுத்தினான்.
அது எங்கள் ஊர் நம்பரே இல்லை."

பாவமாய்த்தான் இருந்தது.
முழுசாய் இல்லை.

இருபத்திரண்டு வயதில்
கிண்டியில் ஒரு ஏசி அறையில்
முதல் வாரம் அமெரிக்காவுக்காக ஆர்ரை உருட்டினேன்.
மூன்றாம் வாரம் பிரிட்டன் கிடைத்தது, அதே ஆர்ரை விழுங்கினேன்.
"ஃபைலை இட்டாந்துர்றேன் சார்" என்று
ஒருநாள் வாய் தவறியதற்குப் பயிற்சி அறையே சிரித்தது.
அந்தச் சிரிப்பு எந்த ஊர் உச்சரிப்பு என்று
இன்றுவரை தெரியவில்லை.

ஹேசலுக்கு எழுத ஆரம்பித்தேன்:
மூலக்கடையில் நிற்பது இன்னும் லாரிதான்.
கரண்ட் போனால் அம்மா டார்ச் தேடுகிறாள்.
பக்கத்து வீட்டு மோசஸ் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறான்,
கேஸ் என்றால் அவனுக்கு வயிற்றுக்கோளாறு.
உங்கள் ஆட்கள் மறந்து விட்டுப்போனதா,
எங்கள் ஆட்கள் பிடுங்கிக்கொண்டதா,
மில் கணக்கில் அது இல்லை.
ஆனால் மோசஸின் மகள் ஷாரோன்
யூட்யூபைப் பார்த்துவிட்டு
டார்ச்சை ஃப்ளாஷ்லைட் என்கிறாள்,
தெருநாயை ட்யூட் என்கிறாள்.
நாயும் வருகிறது.

அனுப்பவில்லை.
எல்லாம் அழித்துவிட்டு "ஓகே" என்று மட்டும் போட்டேன்.
போட்ட பிறகுதான் உறைத்தது
அந்த ஓகே எங்கிருந்து வந்தது என்று.

காலை ஆறரை. கண்ணெரிச்சலோடு இறங்கினேன்.
சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்,
ஒரு குட்டியானை பாதியில் நின்று இருமிக்கொண்டிருந்தது.
ஷட்டரை அரைகுறையாய்த் தூக்கியிருந்த பெட்டிக்கடையில்,
ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு யு-வை எடுத்த கையை நீட்டி
"அண்ணே, ஒரு கலரு" என்றேன்.

கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது அது.
அரை மாத்திரைகூட இருக்காது.
ஆனால் சத்தத்தோடு.

"கூலிங் இல்ல, பரவால்லியா?" என்றார்.