நாற்பத்தொன்றாவது விதி

ஜூலை மாதச் சோஹாரில்
ஸ்வெட்டர் போட்டுத் திரிகிறவன் நான் ஒருவன்தான்.
சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
வெளியே துறைமுகச் சாலையில்
செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது தார்.

ஃபயர்வாலில் நாற்பது விதிகள் எழுதியிருக்கிறேன்.
சூதாட்டம் கூடாது. திருட்டுப் படம் கூடாது.
பெயர் தெரியாத தளத்திலிருந்து
எதையும் இறக்கக் கூடாது.
ஸ்டோர்கீப்பர் தஸ்தகீர்
கிரிக்கெட் ஸ்கோர் பார்த்ததற்குப்
போன மாதம் எச்சரிக்கைக் கடிதம்,
இரண்டு நகல், ஒன்றில் அவன் கையெழுத்து.
அன்றைக்கு மழையில் ஆட்டமே நடக்கவில்லையாம்.

நாற்பத்தொன்றாவது விதி:
மேற்கண்ட எதுவும் ஐந்தாம் மாடிக்குப் பொருந்தாது.
அதையும் நான்தான் எழுதினேன்.
ரூலோஃப் சார் போனில் சொன்னார்,
'எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடு.'
எடுத்தேன்.
என் விசா புதுப்பிப்பு அந்த வாரம்தான்.

லாக் படிக்கிறவனுக்குத் தூக்கம் வராது.
அவருக்கும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.
வில்லாவில், ஆபீஸ் லேப்டாப்பில்,
1:52 பழைய பாய்மரப் படகுகள் விற்பனைக்கு.
2:10 முடி உதிர்வை நிறுத்தும் எண்ணெய்.
2:31 பேசாமல் போன மகளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது.
அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை.
2:47 படகின் முழு வரைபடம், இலவசம்,
இங்கே அழுத்தவும்.
அழுத்தியிருக்கிறார்.

பிறகு நடந்ததில் சத்தமே இல்லை.
ஐந்தாம் மாடியிலிருந்து ஏதோ ஒன்று படியிறங்கி
கணக்குப் பிரிவு, கிடங்கு, எடைமேடை என்று
கதவு கதவாகத் தட்டியிருக்கிறது.
தட்டும்போதெல்லாம் சாரின் பெயரைச் சொல்லியிருக்கிறது.
மேலிடத்துப் பெயர் சொன்னால்
திறக்காத கதவு எந்த ஊரில் இருக்கிறது?

விடிந்தபோது எடைமேடைத் திரையில் எண்கள் இல்லை.
ஹிலால் பலூஷி அட்டைப்பெட்டியைக் கிழித்து
வண்டி நம்பர்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.
ரவுண்டானா வரை லாரிகள்;
நிழலுக்காக டிரைவர்கள்
தத்தம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தார்கள்.
சம்பளக் கோப்பைத் திறந்தால்
ஒரு சிவப்புப் பக்கம், ஒரு தொகை,
பின்னோக்கி ஓடும் ஒரு கடிகாரம்.
தேதி இருபத்தெட்டு.
கேம்ப் வாசல் ஏடிஎம்மில்
அட்டையை நுழைத்தார்கள், எடுத்தார்கள்,
சட்டையில் துடைத்து
மறுபடி நுழைத்தார்கள்.

மதியம் கூட்டம்.
'கீழே யாரோ எதையோ திறந்திருக்கிறார்கள்'
என்றார் ரூலோஃப் சார்.
யாரும் கேட்காமலே ஹெச்.ஆர்.
தஸ்தகீரின் கடிதத்தை எடுத்து வைத்தது.
கையெழுத்து எவ்வளவு அழகு அவனுக்கு,
ஒவ்வொரு எழுத்தும் பிரித்துப் பிரித்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
லாக் என் ஸ்வெட்டர் பையில்,
நாலாய் மடித்து.
அந்த அறையில் இருபத்துநான்கு டிகிரி.
எனக்கு வியர்த்தது.

பேனா கேட்டேன்.
யாரோ தந்தார்கள்.
2:31ஐ மட்டும், எழுத்துத் தெரியாதபடி
மூன்று முறை அடித்துவிட்டுத்
தாளை மேசையில் விரித்தேன்.

'அது என்ன, அடித்தது?' என்றார்கள்.

'அதில் வைரஸ் இல்லை' என்றேன்,
அவரைப் பார்க்காமல்.