குறளடி

"சீட்டை இறக்கிடலாம் மேடம்,
ஐம்பத்திரண்டே போதும்,
ஓட்ட ஓட்டப் பழகிடும்"
என்றான் ரண்டால்ஸ் ரோடு டெரிக்.
ஆடித் தள்ளுபடி வேறு.
பழகத்தான் செய்தது:
எனக்குக் கழுத்து வலி,
கழுத்து வலிக்கு நான்.

ஞாயிறு விடிகாலை ஈ.சி.ஆரில்
எல்லோரும் கைப்பிடியில் சாய்ந்து
கதை பேசிக்கொண்டு போவார்கள்.
நான் மட்டும்
பரண்மேல் சம்படம் எடுக்கிறவள் மாதிரி
பிரேக்கை எட்டிக்கொண்டே இருப்பேன்.
அக்கரை வருவதற்குள்
சுண்டுவிரல் இரண்டும் மரத்துப்போகும்.
குறை உடம்பில் என்று நினைத்து யோகா சேர்ந்தேன்.
புரசைவாக்கம் பிசியோ
நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
"நேரா உக்காருங்க" என்றார்.

நீலாங்கரை சிக்னலில் ஒரு நாள்
மஞ்சள் சிவப்பானது.
காலை இறக்கினேன். தரை கிடைக்கவில்லை.
மேல் குழாய் எங்கே இடித்தது என்று
தமிழாசிரியை எழுதக் கூடாது;
இடக்கரடக்கலாக, கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஷேர் ஆட்டோவில் இருந்த மீன்காரம்மா
தோளைப் பிடித்து நிறுத்தி
"தம்பி சைக்கிளா கண்ணு?" என்றாள்.
நாற்பத்து மூன்று வயது எனக்கு.
பெயர் அங்கயற்கண்ணி.
எட்டெழுத்து இருந்தும் எட்டாது.

கள்ளனை நம்பினாலும்
குள்ளனை நம்பாதே என்பார்கள்.
கடுகு சிறுத்தாலும் என்று தேற்றுவார்கள்.
உள்கால் நீளம் எவ்வளவு என்று மட்டும்
ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்று மாலை நானே கேட்டுக்கொண்டேன்.
வெறுங்காலோடு சுவரில் ஒட்டி நின்று
பதினோராம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக்
கவட்டில் இறுக்கிப் பென்சில் கோடு கிழித்தேன்.
தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர்.
வண்டியின் குழாய் எழுபத்தாறு.
இந்த ஆறுக்காகவா
ஒரு வருடம் என் முதுகைத் திட்டினேன்?

திங்கள் இரண்டாம் பாடவேளை, யாப்பு.
இரு சீர் வந்தால் குறளடி.
முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி,
ஐஞ்சீர் நெடிலடி, மிஞ்சினால் கழிநெடிலடி.
கரும்பலகையின் கீழ்ப்பாதியில்
எப்போதும்போல் எழுதிக்கொண்டே வந்தவள் நின்றேன்.
குறளடியை இழுத்து நெடிலடியில் உட்காரவைத்து
ஓட்ட ஓட்டப் பழகிடும் என்றவர் உண்டா?
தளை தட்டாதா?
"என்ன மிஸ் தனியா சிரிக்கிறீங்க"
என்றாள் கடைசி பெஞ்சு யாழ்மொழி.

டேப்போடு போனேன் மறுபடி.
டெரிக் கெட்டவன் இல்லை, ஆறடிக்காரன்.
அவன் உலகத்தில் ஏறி இறங்குவது சீட்டு மட்டும்.
"சீட்டு இறங்கும் டெரிக்,
கைப்பிடி கிட்டே வருமா?"
தலையைச் சொறிந்தான்.
நாற்பத்து நாலு வர ஆறு வாரம் என்றான்.
தள்ளுபடி கிடையாது.

அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்று
அவனுக்கே ஆசை வந்துவிட்டது.
சக்கரம் ஒரு சுற்று சின்னது;
பெரிசு போட்டால் திரும்பும்போது
கால் கட்டைவிரல் தட்டும் என்று
அவன்தான் எனக்குச் சொன்னான்.
கைப்பிடி என் தோள் அகலம்.
பெடல் கை குட்டை.
பிரேக்கை ஒரு திருகு திருகி
என் விரலிடம் கொண்டுவந்து விட்டான்.
எழுபதைப் புள்ளி எட்டு எட்டு மூன்றால் பெருக்கிச்
சீட்டை அறுபத்திரண்டில் நிறுத்தினோம்.
பிறகு கணக்கை விட்டுவிட்டு
அரை சென்டிமீட்டர் இறக்கினோம்.

ஐம்பத்திரண்டை வாங்க
எண்ணூரிலிருந்து வந்தாள் ஒருத்தி, நெடுநெடுவென்று.
தெருமுனை வரை மிதித்துத் திரும்பி
"எனக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.
அந்த வண்டிமேல் இருந்த கோபம்
அன்றைக்குத்தான் போயிற்று.

முட்டுக்காட்டுப் பாலத்தில் எதிர்க்காற்று.
காற்று உயரம் பார்த்து வீசுவதில்லை
என்று எழுத ஆசை. பொய்.
நெட்டையர்களைத்தான் அதிகம் அறைகிறது.
முழங்கை மடிய, நான் அதன் அடியில் போனேன்.

திரும்பும் வழியில் நீலாங்கரை. சிவப்பு.
இரண்டு காலையும் இறக்கினேன்.
தரை இருந்தது.