இருபதுக்குப் பதினான்கு

வியாழக்கிழமைகளில் புகைப்பட மன்றத்தில்
மதிப்பெண் எழுதுகிறவள் நான்.
எந்தப் படம் யாருடையது என்று
அந்த அறையில் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.
நடுவருக்குத் தலைப்பை மட்டும் வாசிப்பேன்.
எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, அது விதி.
மடக்கு நாற்காலிகளில் முப்பது பேர்
முகத்தில் ஒன்றும் தெரியாமல் உட்காரப்
பழகியிருக்கிறார்கள்.

நானும் ஒருகாலத்தில் படம் கொடுத்தவள்தான்.
தங்கை மகள், பல் விழுந்த வாயோடு சிரித்தது.
பதினொன்று.
பின்னால் ஃபிரிட்ஜ் தெரிகிறது என்றார்கள்.
அன்றிலிருந்து எழுத மட்டும் செய்கிறேன்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து மலைப்பாதையில்
மழையோடு காரோட்டி வந்தவர் மிஸ்டர் ஹார்கிரீவ்.
பெட்ரோல் காசும் இரண்டு பிஸ்கட்டும் தவிர
அவருக்கு நாங்கள் ஒன்றும் தருவதில்லை.
அதனால் ஏசவும் மனம் வராது.
சட்டைப்பையிலிருந்து லேசர் விளக்கை எடுப்பார்.
பச்சைப் புள்ளி திரையில் ஈயைப்போல் அலையும்.

மீன்கொத்தி, வாயில் மீனோடு: இருபது.
மீன்கொத்தி, மீன் இல்லாமல்: பதினேழு.
மூடுபனியில் ஒற்றை மரம்: பதினெட்டு.
"மரம் இன்னும் ஒரு விரற்கடை
வலப்பக்கம் நின்றிருக்கலாம்."
நூறு வருஷமாய் நிற்கிற மரத்தைச் சொல்கிறார்.
பத்துக்குக் கீழே எவரும் போடுவதில்லை.
பத்து என்றால் பூஜ்யம் என்று
எல்லோருக்கும் தெரியும்.

பிறகு எம்ரிஸ் பியூவின் படம். தலைப்பு, 'செவ்வாய்'.
பிப்ரவரியில் செவர்ன் ஆறு கரையேறிப்
பாலத் தெருவுக்குள் வந்த மறுநாள்.
மீன்வறுவல் கடை வாசலில் நெஸ்டா
முழங்கால்வரை சேற்றில் நின்று
வெள்ளத்தை விளக்குமாற்றால் வெளியே தள்ளுகிறாள்,
திரும்பத் திரும்ப வரும் கடன்காரனைத் தள்ளுவதைப்போல.
இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
ஒரு சிவப்பு வாளி.

பச்சைப் புள்ளி வாளியில் போய் உட்கார்ந்தது.
"இதுதான் இடைஞ்சல். கண் இங்கே ஓடுகிறது,
அப்படியே படத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது.
இதை மட்டும் எடுத்துவிட்டால்..."
பதினான்கு.

எழுதினேன்.
மூன்றாம் வரிசையில் எம்ரிஸ்
தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாளி அவருடையது.
காலை ஆறு மணியிலிருந்து அதை வைத்துத்தான்
நெஸ்டாவின் கடைக்குள்ளிருந்து
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.
கேமராவுக்கு ஒரு கை போதாமல்
கீழே வைத்தார். அவ்வளவுதான்.
அந்தப் படத்தில் அவர் இருக்கிற இடம்
அது ஒன்றே.
எனக்கோ தலைப்பு வாசிக்க மட்டுமே அனுமதி.
இருமினேன். வேறென்ன செய்ய.

ஏப்ரலில் அதே படம், வாளி இல்லாமல்.
இரண்டு ராத்திரி கணினிமுன் உட்கார்ந்து
ஈரக் கல்லை ஈரக் கல்லால் மூடியிருந்தார்.
தழும்பே தெரியவில்லை.
அன்று நடுவர் லோர்னா டிரான்டர், கனிந்த குரல்.
அந்தத் தோள்களின் கோபம் பிடித்திருக்கிறது என்றார்.
பிறகு தலையைச் சாய்த்து,
"இடப்பக்கம் கொஞ்சம் காலியாக இருக்கிறது, இல்லையா?
அங்கே ஏதாவது ஒன்று,
சின்னதாக, சிவப்பாக..."
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.
சிரிப்பா தும்மலா என்று குறிக்கப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.
பதினான்கு.

மே மாதம் நூலகத்தில் கண்காட்சி.
நெஸ்டா கடை உடுப்போடு, எண்ணெய் வாசனையோடு வந்தாள்.
மீன்கொத்திகளைத் தாண்டி
நேராக அதனிடம் போனாள்.
தன் முகத்தை அவள் பார்க்கவில்லை.
இடது ஓரத்தில், கண்ணாடிமேல் விரலை ஊன்றி,
"எம்ரிஸ், உன் வாளி எங்கே?" என்றாள்.

பதில் சொல்ல அங்கே தடை ஏதும் இல்லை.
அவர் சொல்லவில்லை.

வருஷக் கணக்கில் அவருக்குப் பத்தொன்பதாம் இடம்.
மாலையில் எல்லாரும் போனபின்
சட்டங்களைத் துடைத்துவைக்கச் சொன்னார்கள் என்னை.
நெஸ்டாவின் விரல் எண்ணெய்
இடது ஓரத்தில், கொஞ்சம் வட்டமாக, இருந்தது.
மற்றவற்றை எல்லாம் துடைத்தேன்.