கடிதம் வந்திருக்கிறது

டிங்கோ என்பது அவர் பெயர்.
ஜீவரத்தினம் நகர்ப் பிள்ளைகள்
முதல் நாளே டெங்கு என்றார்கள்.
யாரோ அர்த்தம் சொன்னதும்
கொசுவாகப் பறந்து காட்டினார்,
அறுபத்தியொரு வயதில், லுங்கியில்.

ரியேக்கா அவர் ஊர்.
அவர் மொழியில் ஆறு என்று பொருளாம்,
அங்கே பெரிதாக இருப்பது துறைமுகம்தான்.
ராயபுரத்தில் கிரேன்களைப் பார்த்ததும்
நம்ம ஒட்டகச்சிவிங்கிகள் என்று கைதட்டினார்.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
ஒரு மாதத்துக்கு அறை எடுத்தார்.

அவர் பொம்மைக்கு நான் இடது கை.
தலையும் வலது கையும் அவர்.
கால்கள் எபிநேசர், பகலில் போட்டில் ஐஸ் ஏற்றுபவன்.
மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விட்டால்தான்
பொம்மை ஒரு மூச்சு விடும்.
ஒருவன் இருமினால் அதற்கு வலிப்பு.

சங்கரா மீனின் முள்ளை
தட்டோரம் வரிசையாய் அடுக்கியபடி
ஒரு மதியம் தன் நடிப்பைப் பற்றிச் சொன்னார்.
இருபத்திரண்டு வருடம்,
சிவப்பு வெல்வெட் அரங்கம்,
வேலைக்காரன் வேடம்.
கதவு திறப்பார். மூன்றடி. குனிவார்.
"ஐயா, கடிதம் வந்திருக்கிறது."
அவ்வளவுதான் வசனம்.
ராஜாக்கள் மாறினார்கள், நாடே பெயர் மாறியது,
கடிதம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.
நாயகன் பிரிப்பான், நெஞ்சைப் பிடிப்பான்.
அதற்குள் இவர் உள்ளே போய்
சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

என்ன எழுதியிருக்கும், கேட்டேன்.
வெள்ளைத்தாள், என்றார்.
எப்போதும் வெள்ளைத்தாள்.

போர் நடந்த குளிர்காலத்தில்
நிலவறையில் அடைந்திருந்த குழந்தைகளுக்கு
கிழிந்த கையுறையில் கண் வரைந்து
அதே காட்சியை ஆடிக் காட்டியிருக்கிறார்.
வேலைக்காரனைப் பார்த்தே சிரித்தார்களாம்,
ராஜாவை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மறுவாரம் வேலையை விட்டார்.
பிறகு பொம்மை அரங்கு, இயக்குநர் நாற்காலி,
பதினேழு நாடகம். நாலு தோல்வி என்றார்.
படங்களைப் பார்த்தால் எனக்கு ஐந்து என்று பட்டது.

கடைசி ஞாயிறு, கரையில்,
மீன்பெட்டிகளை அடுக்கி மேடை.
தெர்மாகோல் தலை, மிதவைக்கட்டை மூக்கு.
எபிநேசரின் மாமா கொடுத்த காக்கித் துணியில் சட்டை.
அதுதான் தப்பு.
பொம்மை வந்தது. மூன்றடி. குனிந்தது.
கடிதம் என் கையில்.
"கடிதம் வந்திருக்கிறது" என்றேன்.
ஒரு சிரிப்பும் இல்லை.
அந்த வாரம்தான் கரையோர வீடுகளில்
தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்:
பெரும்பாக்கம், ஏழாவது மாடி, முப்பது நாள் கெடு.

பிளேவியா அக்கா எழுந்து வந்தாள்,
இறால் உரித்த கை காயாமல்.
"இன்னாய்யா லெட்டரு? யார் பேருக்கு?"
பொம்மை திரும்பிப் பார்த்தது.
"நீயே படி. குட்த்துட்டு ஓடாத."

அவர் வியர்வை என் கன்னத்தில் சொட்டியது.
இந்த இடத்தில்
வெளியே போக மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

வலது கை தயங்கி வந்து
என் இடது கையைத் தொட்டது. ஒத்திகையில் இல்லாதது.
தாளைப் பிரித்தோம்.
பொம்மை உற்றுப் பார்த்தது,
தலைகீழாய்ப் பிடித்தது, டியூப்லைட்டில் காட்டியது,
முகர்ந்தது.
பிறகு, இல்லை என்று ஆட்டியது தலையை.

அக்கா பிடுங்கினாள்.
"ஒண்ணுமே எழுதல" என்றாள் கூட்டத்திடம்,
ஏமாந்தவள் மாதிரி.
இன்னும் நாற்பது நிமிட நாடகத்துக்கு
அந்தக் கடிதம் வேண்டும். தரவில்லை.
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.
நாங்களும் முடித்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை விமானம்.
ஆட்டோவில் மூட்டையோடு ஏறும்போது
அவள் படிக்கச் சொன்னதை
அவர் மொழியில் தனக்குள் சொல்லிப் பார்த்தார்,
புது வசனம் போல.

அடுத்த மாதம் ஒருவன் வந்தான்.
காக்கி இல்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.
மூன்றடி தள்ளி நின்று தாளை நீட்டினான்.
அக்கா வாங்கவில்லை.
"படி" என்றாள்.
பக்கத்தில் நின்ற என் இடது கை
பழக்கத்தில் தானாக உயர்ந்தது.